பிழைகளை எண்ணிய மனிதர்

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள பூண்டி கிராமத்துக்கு அண்மையில் சென்றிருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் மூதாட்டி ஒருவர், சந்தைக்கு அனுப்புவதற்காக மலைப்பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்து, சொத்தையைத் தனிக் கூடையில் போட்டார். வியாபாரி கண்டுபிடிக்கும் முன் தாமே கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற கவனம் அதில் தெரிந்தது. எனக்கு வாட்ஸ் ஹம்ப்ரி நினைவுக்கு வந்தார். மென்பொருளின் தரத்தை அளக்க உலகுக்குக் கற்பித்தவர் அவர்.

1927-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாட்டால் முதல் வகுப்பிலேயே தேறவில்லை. மகனுக்குத் தனிக் கவனம் கிடைக்கும் பள்ளியைத் தேடி, தந்தை குடும்பத்தையே இடம்பெயர்த்தார். பின்னர் இயற்பியல் பயின்ற ஹம்ப்ரி, 1959-இல் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். ஒரு கட்டத்தில் பல நாடுகளில் இருந்த ஏறத்தாழ 4,000 மென்பொருள் வல்லுநர்கள் அவர் பொறுப்பில் இருந்தனர். 1986-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் கழகத்துக்குச் சென்றார். ஒரு நிறுவனத்தின் மென்பொருள் ஆக்கமுறையை ஐந்து நிலைகளில் மதிப்பிடும் முறை அங்கே அவரது சிந்தனையிலிருந்து உருவானது. அதன் ஐந்தாம் நிலையை எட்டியதை இந்திய நிறுவனங்கள் பல பெருமையுடன் அறிவித்துக்கொண்டன. சென்னையில் 2000-இல் ஒரு மென்பொருள் தரக் கழகத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

ஆனால் அவருடைய பெரும்பணி அதற்கடுத்தது என்பேன். அறுபது வயதைக் கடந்த நிலையில், தனி நிரலாளருக்கும் இந்த ஒழுங்கு பொருந்துமா என்று அறிய, தாமே அறுபதுக்கும் மேற்பட்ட நிரல்களை எழுதினார். செலவான நேரத்தையும் தாம் செய்த ஒவ்வொரு பிழையையும் குறித்துவைத்தார். ஆயிரம் வரிக்கு எத்தனை பிழை, அது எந்தக் கட்டத்தில் நுழைந்தது, எங்கே அகப்பட்டது என்று கணக்கிட்டார். எழுதியவரே நிதானமாகப் படித்துத் திருத்தும் பிழைக்கு ஆகும் நேரம், சோதனைக் கட்டத்தில் தேடிப்பிடிக்கும் பிழைக்கு ஆவதைவிட மிகக் குறைவு என்பதை எண்களால் காட்டினார். அந்தக் கணக்கு நிரலாளருக்கே உரியது. மேலாளர் அதைக்கொண்டு ஆளை எடைபோடலாகாது என்றும் வற்புறுத்தினார்.

அதன் நியாயத்தை நான் பட்டறிந்தவன். முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், எழுதிய வரிகளும் பதிவான பிழைகளும் ஊதிய உயர்வைத் தீர்மானித்தன. வரிகள் பெருகின, பிழைகள் பதிவேட்டில் மட்டும் குறைந்தன. பதியாமல் மறைத்தவர்களுள் நானும் ஒருவன். அவற்றுள் ஒன்று வாடிக்கையாளரிடம் போய் வெடித்தபோது, பழி வேறொரு சக ஊழியர்மீது விழுந்தது.

ஹம்ப்ரி 2010-இல் மறைந்தார். இன்று கணினியே நொடியில் நூறு வரி எழுதித் தருகிறது, வரிக்கணக்கு பொருளிழந்துவிட்டது. நம் பொறியியல் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களிடம் ஒரு பிழைக் குறிப்பேட்டைக் கொடுக்கட்டும். அதற்கு மதிப்பெண் மட்டும் வேண்டாம். மதிப்பெண் வந்துவிட்டால், சொத்தைக்கென்று தனிக் கூடை வைக்க எவரும் துணியமாட்டார்கள்.