கொல்லிமலையில் வளர்ந்த மருத்துவர்

நம் சேர்வராயன் மலைக்குத் தெற்கே, சேலத்துச் சமவெளிக்கு அப்பால் இருப்பது கொல்லிமலை. ஏற்காட்டிலும் தலைச்சோலையிலும் நாம் ஓடியாடித் திரிவதுபோல் அம்மலையில் திரிந்து வளர்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ஆம் ஆண்டு பிறந்தவர். பெற்றோர் ஜெஸ்ஸியும் ஈவ்லினும் ஆங்கில வேதபோதகர்கள். மலைமக்களின் கட்டிகளைத் தந்தை கீறிச் சீழ் எடுப்பதைக் கண்டு சிறுவன் அருவருப்புற்றான். மருத்துவத் தொழிலே வேண்டாம் என்றிருந்தான். 1929-இல் தந்தை மலையிலேயே கடுங்காய்ச்சலால் மரித்தார். இங்கிலாந்தில் படித்துவந்த பால் முதலில் கற்றதோ கட்டடத் தொழில்! பின்னரே மனம் மாறி அறுவை மருத்துவரானார்.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டில் தொழுநோயாளரைக் கண்டதும் அவர் உள்ளம் கலங்கியது. டாப்சோன் என்னும் மருந்து அந்நாளில் நோய்க்கிருமியை அடக்கத் தொடங்கியிருந்தது. ஆயினும் கைகால் புண்கள் ஆறவில்லை. இந்நோயாளரின் சதை தானாகவே அழுகுகிறது, அதற்கு மருந்தில்லை என்றே பலரும் கைவிட்டிருந்தனர்.

ஒருநாள் துருப்பிடித்த பூட்டொன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். பார்த்தால், அவன் விரல் எலும்புவரை வெட்டுண்டிருந்தது. அவனுக்கோ வலியே இல்லை! அப்பொழுதுதான் உண்மை புலப்பட்டது. சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் காயம் படுகிறது, புண்காலோடு நடக்கிறார்கள், கிருமி உள்ளே புகுந்து எலும்புவரை அரிக்கிறது.

எனவே சீழை வடித்து, செத்த சதையையும் எலும்பையும் வெட்டி நீக்கினார். பெனிசிலின் போன்ற மருந்துகள் கிருமியைக் கொன்றன. ஆனால் மருந்து மட்டும் போதாது. நடந்தால் புண் மீண்டும் கிழியும். ஆகையால் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் ஓய்வு கொடுத்தார். ஆறாதென்ற புண்கள் ஆறின! மடங்கிப்போன விரல்களையும் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தினார்.

சிலருக்கு இரவில் விரல் காணாமற்போவது ஏன் என்று காவலிருந்து பார்த்தனர். எலிகள் கடித்துத் தின்றுகொண்டிருந்தன! அதன்பின் வீடு திரும்புவோர் பூனையும் கொண்டுசென்றனர்.

1966-இல் அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே நீரிழிவு நோயாளரின் உணர்விழந்த பாதங்களுக்கும் இதே முறை பயன்பட்டது. 2003-இல் காலமானார். அவர் தாயார் ஈவ்லின் முதுமையிலும் மலைமலையாகச் சென்று ஊழியம் செய்து, 1974-இல் மறைந்தவர். இன்று சர்க்கரை நோயுள்ள நம் தாத்தா பாட்டியர் இரவில் உள்ளங்காலைப் பார்த்துவிட்டுப் படுக்கும்படி மருத்துவர் சொல்வதும் அந்த உணர்விழந்த பாதத்தை எண்ணியே.