பத்திராதிபர் நரசிம்மலு நாயுடு

கோவை நகர மண்டபத்தில் மாமன்றம் கூடுந்தோறும் நமக்கு ஸ்ரீமான் சே. ப. நரசிம்மலு நாயுடு அவர்களின் நினைவு வருகிறது. 1854-ல் பிறந்த அவர், 1877-ல் ‘சேலம் தேசாபிமானி’யைத் தொடங்கினார்; பின்னர் கோவைக்கு வந்து 1881-ல் ‘கோயமுத்தூர் கலாநிதி’யை நடத்தலானார். 1885-ல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரஸ் மகாசபைக்குச் சென்ற 72 பிரதிநிதிகளுள் அவரும் ஒருவர். 1892-ல் எழுந்த இம்மண்டபத்துக்கும் முன்னின்று உழைத்தார். சிறுவாணி நீரை நகருக்குக் கொணர வேண்டுமென வற்புறுத்தினார். 1922-ல் அவர் காலமான பின்னரே அந்நீர் வந்தது.

ஒரு கோரிக்கை கைகூட இத்தனை காலம் செல்லுமாயின், அதைப் பற்றிச் சபையில் நிகழ்வதைப் பிழையின்றிப் பதிந்து வைப்போர் வேண்டும். செவிவழிச் சாட்சியம் நீதிஸ்தலத்தில் செல்லாதென்பதை வக்கீல் தொழில் நமக்குக் கற்பித்தது. கூட்டத்துக்குச் செல்லாமல் அதிகாரிகள் அனுப்பும் குறிப்பை அச்சிடுவதும் அத்தகையதே. தீர்மானம் கொணர்ந்தவர் யார், எதிர்த்தவர் யார், செலவு எவ்வளவு என நேரிற் கேட்டெழுதுவதே நிருபர் தர்மம். பொன்னாடைகளை வருணித்து வரவுசெலவை விட்டுவிடுவது மகாஜனங்களுக்குச் செய்யும் வஞ்சனையாகும். நாயுடு அவர்கள் பத்திரிகை நடத்திய ஊரில் அது நேரலாகாது.