எசேக்கியேல் தீர்க்கதரிசி



அப்பன் குடித்தார், அதனால் நானும் குடிக்கிறேன் என்று சொல்வார் நம்மில் உண்டு. முன்னோர் செய்த பாவம் எங்கள் தலையில் விடிந்தது என்று நொந்துகொள்வாரும் உண்டு. இவர்கள் அறியவேண்டிய சரித்திரம் எசேக்கியேல் தீர்க்கதரிசியுடையது.

இவர் பூசியின் மகன், குருகுலத்தவர். கி.மு. 597-ல் பாபிலோன் அரசன் நெபுகாத்நேசர் ஜெருசலேமைப் பிடித்து, யோயாக்கின் அரசனையும் பெரியோரையும் தொழிலாளிகளையும் சிறைப்படுத்திக் கொண்டுபோனான். எசேக்கியேலும் அவர்களோடு போனார். தேவாலயத்தில் பலி செலுத்தவேண்டியவர், அந்நிய நாட்டில் கேபார் ஆற்றங்கரையில் குடியிருந்தார். கி.மு. 593-ல் அங்கேயே சர்வேசுரன் அவரை அழைத்தார்.

தகப்பன் தின்ற புளிப்புக்கு மகனுக்குப் பல் கூசும் என்ற கருத்தில் ஒரு பழமொழி அந்த ஜனங்களிடம் வழங்கிற்று. எசேக்கியேல் அதை மறுத்தார். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையை எடுத்துக் காட்டினார். பாட்டன் நீதிமான். மகன் ஏழைகளை ஒடுக்கிக் கொள்ளையிடுபவன். பேரனோ அதையெல்லாம் கண்டும் அவ்வழி போகாதவன். பாட்டனுடைய புண்ணியம் மகனைக் காப்பாற்றாது. மகனுடைய பாவம் பேரன்மேல் சுமத்தப்படாது. அப்பன் விற்ற காட்டை மகன் உழ முடியாதுதான். அந்தக் கஷ்டம் வரும், குற்றம் வராது.

பாவிக்கும் வழி காட்டினார். பறித்ததைத் திருப்பிக் கொடுத்து மனந்திரும்பினால், பழைய பாவம் அவன் கணக்கில் நில்லாது. அவன் சாவது சர்வேசுரனுக்குப் பிரியமன்று; பிழைப்பதே பிரியம்.

இப்படிப் போதித்தவர் சுகமாய் வாழ்ந்தவரல்லர். உயிராய் நேசித்த மனைவி திடீரென்று மாண்டாள். ஜனங்களுக்கு அடையாளமாக அவர் அழாதிருக்க வேண்டியதாயிற்று. கி.மு. 587-ல் ஜெருசலேமும் தேவாலயமும் அழிந்தன. அதன்பின் அவர் ஆறுதலே அதிகம் சொன்னார். உலர்ந்த எலும்புகள் உயிர்பெற்று எழக் கண்டவர் இவரே. கி.மு. 571 வரை இவர் போதித்ததற்கு வேதாகமத்தில் குறிப்பு உண்டு.

சர்வேசுரன் இவரைக் காவற்காரனாகவும் நியமித்தார். நம் பக்கத்தில் ராகிக் கொல்லைக்குப் பரண் கட்டிக் காவல் இருக்கிறோம். யானை வருவதைக் கண்டும் பரண்மேல் இருப்பவன் கூப்பிடாவிட்டால், குற்றம் அவனுடையது. கூப்பிட்டும் எழாதவன் தன் நஷ்டத்திற்குத் தானே பொறுப்பாளி.

இந்தக் காவல் உங்கள் குருவாகிய எனக்கும் உண்டு. ஆகையால் கூப்பிட்டுவிட்டேன். சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்திற்காகக் கோவிலில் காத்திருப்பேன். அப்பனைப் பற்றியல்ல, உங்களைப் பற்றிச் சொல்ல வாருங்கள்.