மண்வெட்டி ஏந்திய படை

போர்க்களத்தில் படைக்கலம் தாங்கி நிற்போரையே வீரர் என்று உலகம் போற்றுகிறது. மண்வெட்டி தாங்கிப் பிறர் துயர் துடைக்கும் இளைஞரும் வீரரே என்பதைத் தம் வாழ்க்கையால் விளக்கிக் காட்டியவர் பியேர் செரெசோல் என்னும் பெரியார்.

செரெசோல் 1879-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அந்நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கியவர். செல்வமும் செல்வாக்கும் மிக்க குடியில் தோன்றிய செரெசோல், பொறியியல் கற்றுத் தேர்ந்து, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சில ஆண்டுகள் உழைத்தார்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. ஐரோப்பிய இளைஞர் இலட்சக்கணக்கில் மடிந்தனர். செரெசோல் உள்ளம் நைந்தார். தந்தை வழியாக வந்த பொருளை அரசாங்கத்திற்கே அளித்துவிட்டார். படைக்கென விதிக்கப்பட்ட வரியைச் செலுத்த மறுத்துச் சிறை புகுந்தார். எனினும், போரை மறுப்பது மட்டும் போதாது. போர் சிதைத்தவற்றைச் சீர்ப்படுத்தவும் வேண்டும் என்று அவர் எண்ணினார்.

1920-ஆம் ஆண்டின் இறுதியில், பிரான்சு நாட்டில் வெர்டன் நகருக்கு அருகிலுள்ள எஸ்ன் என்னும் சிற்றூருக்குத் தொண்டர் சிலருடன் சென்றார். போரினால் அவ்வூர் பாழ்பட்டுக் கிடந்தது. தொண்டர்கள் ஊதியம் பெறாது உழைத்தனர், குண்டு விழுந்த பள்ளங்களைத் தூர்த்தனர், பாதைகளைச் செப்பனிட்டனர், மரக்குடில்கள் அமைத்தனர். அவர்களுள் ஜெர்மானியரும் இருந்தனர். நேற்றைய பகைவர் இன்று உதவ வந்ததை அவ்வட்டாரத்தார் பலரால் பொறுக்க இயலவில்லை. எதிர்ப்பு வலுத்தது; ஐந்து திங்களில் பணி நின்றது.

செரெசோல் மனம் தளரவில்லை. 1924-இல் ஆல்ப்சு மலைச் சிற்றூர் ஒன்று பனிச்சரிவினால் பாழாயிற்று. அவர் மீண்டும் தொண்டரைத் திரட்டினார். படைத்துறை அதிகாரியாகிய அவருடைய உடன்பிறந்தாரும் துணை நின்றார். கல்லும் முறிந்த மரமும் மூடிக் கிடந்த நிலம் துப்புரவாயிற்று.

1927-இல் ரைன் ஆறு கரை உடைந்து, லீக்டென்ஸ்டைன் என்னும் சிறு நாட்டின் வயல்களை மணலால் மூடியது. மறு ஆண்டில் பல நாடுகளிலிருந்து எழுநூற்றுக்கு மேற்பட்ட தொண்டர் அங்கே திரண்டு மணலை அகற்றினர். 1931-இல் இவ்வியக்கத்து இளைஞர், வேலையின்மையால் வாடிய பிரின்மார் என்னும் வேல்சு நாட்டுச் சுரங்க ஊருக்குச் சென்றனர். ஊராருடன் கூடி உழைத்து, அங்கே பூங்காவும் நீச்சற்குளமும் அமைத்தனர்.

1934-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நமது பீகார் மாநிலத்தைப் பெரும் நிலநடுக்கம் தாக்கிற்று. செய்தி அறிந்த செரெசோல் கடல் கடந்து வந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. தோழர் சிலரோடு அங்குள்ள உழவர்க்குப் புதிய குடியிருப்புகளை அமைக்கும் பணியில் ஈடுபட்டார். கடும் வெயிலையும் பொருட்படுத்தாது அவர் ஆற்றிய தொண்டினை இந்தியத் தலைவர்கள் மதித்தனர்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் தம் கொள்கைக்காக அவர் சிறை சென்றார். 1945-இல், அப்போர் ஓய்ந்த சில திங்களில், உயிர் நீத்தார். அவர் தொடங்கிய இயக்கம் இன்றும் பல நாடுகளில் இளைஞரைத் தொண்டில் ஈடுபடுத்தி வருகிறது.

மாணவர்களே! எஸ்ன் ஊரில் பணி நின்றபொழுது செரெசோல் சோர்ந்திருப்பாராயின், பின்னர் விளைந்த நன்மைகள் விளைந்திரா. உங்கள் ஊரிலும் தூர்ந்த குளமும் பழுதுற்ற பாதையும் இருக்கலாம். வேற்றுமை பாராட்டாது தோழரை ஒன்றுசேர்த்து உழைத்தால், அவற்றைச் சீராக்குதல் உங்களாலும் இயலும்.