உதிரம் காத்த டாக்டர் சார்லஸ் ட்ரூ

தானங்களில் சிறந்தது அன்னதானம் என்பர் பெரியோர். ஆனால் உயிர் ஊசலாடும் வேளையில் அன்னதானத்தினும் பெரிது இரத்ததானம் அல்லவா?

எங்கள் பள்ளியில் இரத்ததான முகாம் நடைபெற்றபோது பெற்றோரும் ஆசிரியைகளும் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தனர். பதினெட்டு வயது நிரம்பாத எங்களுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. எலுமிச்சைச் சாறும் பிஸ்கட்டும் எடுத்துக் கொடுக்கும் பணியே பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு வாய்த்தது. கையில் கட்டிய பட்டை, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, ஊசி, மெல்லிய குழாய், மெல்ல நிறையும் பை, அதன்மேல் ஒட்டிய சீட்டு ஆகியவற்றைப் பயமும் வியப்புமாக நாங்கள் பார்த்தோம். இவை ஒவ்வொன்றையும் கையாள ஓர் ஒழுங்குமுறை உண்டு. அத்தகைய ஒழுங்குமுறையை வகுத்தவர்களுள் தலைசிறந்தவர் டாக்டர் சார்லஸ் ட்ரூ. அவருடைய வாழ்வை நாம் சற்றே அறிவோம்.

சார்லஸ் ட்ரூ 1904-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், கருப்பினக் குடும்பம் ஒன்றில் மூத்த மகனாகப் பிறந்தார். தந்தை தரைவிரிப்புகள் பதிக்கும் தொழிலாளி. சிறுவயதில் செய்தித்தாள் விற்றுப் பொருள் ஈட்டிய ட்ரூ, ஓட்டத்திலும் கால்பந்திலும் பரிசுகள் பல வென்றார். 1920-இல் அவருடைய அன்புத் தங்கை எல்சி நோயுற்று இறந்தாள். அந்தத் துயரம் அவர் மனத்தை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது.

ஆனால் மருத்துவக் கல்விக்குப் பணம் வேண்டுமே! ஆகவே அவர் இரண்டு ஆண்டுகள் பால்டிமோர் நகரக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகவும் விளையாட்டுப் பயிற்சியாளராகவும் உழைத்துச் சேமித்தார். அந்நாளில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் கருப்பின மாணவருக்கு மிகச் சில இடங்களையே தந்தன. எனவே கனடா நாட்டின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பயின்று 1933-இல் மருத்துவர் ஆனார். அங்கே ஜான் பீட்டி என்னும் ஆசிரியர் மூலம் இரத்தம் செலுத்தும் சிகிச்சையில் அவருக்கு ஆர்வம் பிறந்தது.

உடலை விட்டு வெளியேறிய இரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும். சோடியம் சிட்ரேட் என்னும் உப்பைச் சேர்த்தால் உறையாது என்பதை அறிஞர்கள் முன்பே கண்டிருந்தனர். ஆயினும் அதைக் கெடாமல் சேமிப்பது எப்படி? நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ட்ரூ இதையே ஆராய்ந்தார். எந்த மருந்தைச் சேர்ப்பது, சீசா எந்த வடிவில் இருக்க வேண்டும், எவ்வளவு குளிரில் வைப்பது என ஒவ்வொன்றையும் சோதித்தார். 1940-இல் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவ அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கருப்பினத்தவர் அவரே.

அப்போது இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்தது. குண்டுவீச்சுக்கு ஆளான பிரிட்டனுக்குப் பிளாஸ்மா அனுப்பும் திட்டம் நியூயார்க்கில் தொடங்கியது. பிளாஸ்மா என்பது இரத்த அணுக்களைப் பிரித்தபின் எஞ்சும் மஞ்சள்நிற நீர். அது முழு இரத்தத்தைவிட நெடுநாள் கெடாதிருக்கும். ஆனால் மருத்துவமனைக்கு மருத்துவமனை இரத்தம் எடுக்கும் முறை வேறுபட்டது. பலருடைய பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்ததால் ஒரு சீசாவில் கிருமி புகுந்தாலும் எல்லாம் பாழாகிவிடும்!

திட்டத்தின் மருத்துவப் பொறுப்பை ஏற்ற ட்ரூ, எல்லா இடங்களிலும் ஒரே வகைக் கருவிகள், ஒரே முறை, ஒரே வகைச் சோதனை என்று விதித்தார். ஊசி, ரப்பர் குழாய், கண்ணாடிச் சீசா எதிலும் கிருமி அண்டாதபடி காத்தார். கிருமி இல்லை என்று சோதனையில் தெரிந்த பிறகே சீசாக்கள் கப்பலேறின. 1941 ஜனவரியில் திட்டம் முடியும்வரை ஏறத்தாழ 14,500 முறை மக்கள் இரத்தம் அளித்தனர். 5,000 லிட்டருக்கும் அதிகமான பிளாஸ்மாக் கரைசல் பிரிட்டன் சென்றது. அடுத்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் நியூயார்க் இரத்தவங்கிக்குத் தலைமை தாங்கியபோது, குளிர்சாதனப் பெட்டியுடன் கூடிய வண்டிகளை மக்கள் இருக்கும் இடத்திற்கே அனுப்பினார். 1941-லேயே வாஷிங்டனுக்குத் திரும்பி ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இளம் மருத்துவருக்கு அறுவைச் சிகிச்சை கற்பித்தார்.

ஆனால் அந்த ஆண்டின் இறுதியில் நடந்தது என்ன? நாடெங்கும் விரிந்த இரத்ததானத் திட்டத்தில் கருப்பின மக்களின் இரத்தம் ஏற்கப்படாது என்று அறிவிக்கப்பட்டது. 1942-இல் அந்தத் தடை நீங்கினாலும், அவர்களுடைய இரத்தம் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டது. அந்தத் திட்டத்திற்கு வழிகாட்டியவரின் இரத்தத்திற்கும் இதே கதிதான்! இதற்கு அறிவியல் ஆதாரம் சிறிதும் இல்லை என்று ட்ரூ அஞ்சாது எடுத்துரைத்தார். பிரிவு பார்க்க வேண்டுமெனில் ஏ, பி, ஏபி, ஓ என்னும் இரத்தப் பிரிவுகளைத்தான் பார்க்க வேண்டும். தோலின் நிறத்தை அன்று.

1950 ஏப்ரல் 1-ஆம் நாள், மருத்துவக் கூட்டம் ஒன்றிற்குக் காரோட்டிச் சென்றபோது, களைப்பால் கண்ணயர்ந்து விபத்துக்குள்ளாகி, 45-ஆம் வயதில் ட்ரூ மறைந்தார். கருப்பர் என்பதால் அவருக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டது என்று ஒரு கதை உலவுவதுண்டு. அது உண்மையன்று. வெள்ளையின மருத்துவர்கள் அவரைக் காப்பாற்ற அரும்பாடுபட்டதை உடன் சென்ற மருத்துவ நண்பர்களே உறுதிப்படுத்தினர். காயங்கள் மிகக் கொடியவை. அதே 1950-இல் செஞ்சிலுவைச் சங்கம் இரத்தத்தை இனவாரியாகப் பிரிப்பதைக் கைவிட்டது. 1981-இல் அமெரிக்க அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

முகாமில் நாங்கள் கண்ட அந்தச் சீட்டில் எண்ணும், தேதியும், இரத்தப் பிரிவும் இருந்தன. கொடுத்தவர் இன்ன சாதி, இன்ன மதம், இன்ன நிறம் என்று ஒரு சொல்லும் இல்லை. அந்தச் சீட்டு அவ்வாறு இருப்பதற்காகத்தான் ட்ரூ குரல் கொடுத்தார் என்பதை இப்போது உணர்கிறோம்.

தோழியரே, இன்னும் மூன்று ஆண்டுகளில் நமக்கும் பதினெட்டு வயது நிரம்பும். யாருக்கு என்று கேளாமல் அன்று நாமும் கை நீட்டுவோம்!