பழைய ரேடியோ வால்வில் பிறந்த நாதம்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். அங்கே ஆரஞ்சுத் தோட்டம் வைத்துப் பிழைத்து வந்த ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது.

பெட்டியில் என்ன இருந்தது? பணமா? பட்டுத் துணியா? இல்லை. வேண்டாம் என்று கழித்துப் போட்ட ரேடியோச் சாமான்களும் ஒரு பாட்டரியும்தான் இருந்தன. மோட்டார் மின்சாரக் கடை நடத்தி வந்த உறவினர் ஒருவர் அதை அந்த வீட்டுச் சிறுவனுக்கு அனுப்பியிருந்தார்.

வேறு வீடாக இருந்தால் அந்தப் பெட்டி குப்பைக்குப் போயிருக்கும். அந்தச் சிறுவனோ அதை விட்டு நகரவில்லை. அவன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லியோ பெண்டர். மின்சாரக் கிதாரையும் அதன் ஒலிபெருக்கியையும் மூலை முடுக்கெல்லாம் பரப்பியவர் அவர்.

ஒற்றைக் கண்

1909-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி லியோ பிறந்தார். எட்டு வயதில் இடது கண்ணில் ஒரு கட்டி உண்டாயிற்று. கண்ணையே எடுத்துவிட நேர்ந்தது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்தான்.

பெட்டி வந்த மறு வருஷம் சாண்டா மரியா நகரத்துக்கு, அந்த உறவினரின் கடையைப் பார்க்கப் போனார் லியோ. கடை வாசலில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. உதிரிச் சாமான்களைக் கொண்டு உறவினரே செய்தது. அதன் கம்பீரமான ஓசை பையனின் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. ஊர் திரும்பியதும் வீட்டிலேயே ரேடியோக்களைப் பழுது பார்க்கத் தொடங்கினார்.

ஆனால் படித்ததோ கணக்கு! கல்லூரியை விட்டு வந்ததும் ஐஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். அந்த நாளில் உள்ளூர் வாத்தியக் குழுத் தலைவர் ஒருவர் நடனக் கூடங்களுக்கு ஒலிபெருக்கி வேண்டும் என்று கேட்டார். லியோ ஆறு செட்டுகள் செய்து கொடுத்தார்.

1934-ல் எஸ்தர் என்ற பெண்ணை மணந்தார். சர்க்கார் சாலை இலாகாவில் கணக்கர் உத்தியோகம் கிடைத்தது. அது பொருளாதார மந்த காலம். அந்த வேலை போயிற்று. டயர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். ஆறே மாதத்தில் அதுவும் போயிற்று.

இனி என்ன செய்வது? கையில் பணம் இல்லை. தெரிந்த தொழில் ஒன்றுதான். 1938-ல் 600 டாலர் கடன் வாங்கிப் புல்லர்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார்.

மடையும் வெள்ளமும்

வால்வு ரேடியோ வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். சுவிட்சைப் போட்டதும் அது பாடாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் மெல்லச் சிவந்து சூடேற வேண்டும். பிறகே குரல் வரும்.

அந்தக் குழாய்தான் வால்வு. அதற்குள் ஒரு பகுதி சூடானதும் எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரேயுள்ள தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையே ஒரு கம்பி வலை இருக்கிறது. வலைக்கு வரும் சிறிய மின் அசைவு, அந்தப் பெரிய ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆட்டி வைக்கிறது. மடைப் பலகையைச் சற்றே அசைத்தால் வாய்க்கால் வெள்ளம் முழுவதும் கட்டுப்படுகிறதல்லவா? அதைப் போலத்தான்.

கிதாரின் கம்பிக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும் வைத்தால், கம்பி அதிரும்போது சுருளில் நுண்ணிய மின்சாரம் பிறக்கும். அதை வால்வுகளில் செலுத்திப் பெருக்கினால் ஸ்பீக்கர் முழங்கும்.

இரைச்சல் மிகுந்த நடனக் கூடங்களில் கிதார் வாசிப்பவரின் பாடு பரிதாபம். எக்காளமும் முரசும் அவர் வாத்தியத்தை விழுங்கிவிடும். அவர்களெல்லாம் உடைந்த ஒலிபெருக்கிகளைத் தூக்கிக்கொண்டு பெண்டர் கடைக்கு வந்தார்கள். லியோ ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தார். எது முதலில் கெடுகிறது, எந்த இடத்தில் பற்று விடுகிறது, எதைக் கழற்றுவது கஷ்டம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆயிற்று. வேறு எந்தப் பள்ளியும் அந்தப் பாடத்தைக் கற்பித்திருக்க முடியாது.

ரேடியோவின் எலும்பு

இரண்டாம் உலக யுத்தத்தின்போது டாக் காப்மன் என்ற வாத்தியக்காரருடன் கூட்டுச் சேர்ந்தார். 1945-ல் மடியில் வைத்து வாசிக்கும் ஹவாயன் கிதாரையும் ஒரு சிறு ஆம்ப்ளிபயரையும் சேர்த்து விற்றார்கள். மறு வருஷமே கடன் பயத்தால் காப்மன் விலகிக்கொண்டார். லியோ விலகவில்லை. தன் பெயரிலேயே கம்பெனியை நடத்தினார்.

அவர் புதிய விஞ்ஞானம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வால்வுக் கம்பெனிகளின் கையேடுகளில் இருந்த மின் சுற்றுகளை எடுத்துக் கொண்டார். பிறருடைய பேடண்டு உரிமைகளுக்கு முறைப்படி லைசென்சு பெற்று, அதை ஆம்ப்ளிபயரின் உள்ளே ஒட்டிய காகிதத்திலேயே அச்சிட்டார். வீட்டு ரேடியோவில் பாடிக்கொண்டிருந்த 6வி6 வால்வு அவருடைய சிறிய ஆம்ப்ளிபயருக்கு வந்தது. 1936-ல் பிறந்து கூட்டங்களின் ஒலிபெருக்கிகளில் முழங்கிய 6எல்6 வால்வு பெரிய ஆம்ப்ளிபயருக்கு வந்தது.

அவருடைய சாமர்த்தியம் வேறோர் இடத்தில் இருந்தது. உறுப்புகளை ஒரே பலகையில் வரிசையாக, கைக்கு எட்டும்படி அமைத்தார். எந்த வால்வு எங்கே என்று காட்டும் தாளைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டினார். சில திருகாணிகளைக் கழற்றினால் முழு இயந்திரமும் கைக்கு வந்துவிடும். 1950-ல் அவர் கொண்டுவந்த கெட்டி மரக் கிதாரிலும் இதே கதைதான். கழுத்துப் பகுதியைப் பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகாணியால் பூட்டினார். கெட்டுப் போனால் கழற்றி வேறு மாட்டலாம்!

இத்தனைக்கும் லியோவுக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர்களிடம் சாமானைக் கொடுத்து, அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்திக்கொண்டே இருந்தார். 1954-ல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டர் கிதார் அப்படி உருவானதுதான்.

குறையே குணமாயிற்று

லியோ விரும்பியது மாசு மறுவற்ற தெளிந்த ஓசை. அளவுக்கு மீறி வால்வை விரட்டினால் ஒலி அலையின் தலை தட்டையாகி, குரல் கரகரக்கும். ரேடியோ ரிப்பேர்காரருக்கு அது பழுது. அதைப் போக்கவே பாடுபட்டார்.

ஆனால் இளம் வாத்தியக்காரர்கள் என்ன செய்தார்கள்? அவருடைய ஆம்ப்ளிபயர்களின் குமிழை வேண்டுமென்றே கடைசி வரை திருகினார்கள்! அந்தக் கரகரப்பு அவர்களுக்கு அமுதமாக இனித்தது. 1960-க்குப் பின் வந்த ராக் சங்கீதத்தின் குரலே அதுவாகிவிட்டது. 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் தயாரான ஆம்ப்ளிபயரும், பெண்டரின் பாஸ்மன் மாடலை அடியொற்றியே பிறந்தது.

விதியின் விளையாட்டு

கம்பெனி வளர்ந்தது. லியோவின் உடல்நலம் தேய்ந்தது. விடாத தொற்று நோய் வருஷக் கணக்கில் வாட்டியது. இனிப் பிழைக்கமாட்டோம் என்றே எண்ணினார். 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்குக் கம்பெனியை விற்றுவிட்டார்.

விற்ற பிறகு வேறொரு டாக்டரின் சிகிச்சையில் நோய் தீர்ந்தது! உயிர் மிஞ்சியது. தன் பெயர் தாங்கிய கம்பெனி மட்டும் கையில் இல்லை.

அவர் மூலையில் உட்கார்ந்து புலம்பவில்லை. மியூசிக் மேன் என்ற கம்பெனியில் சேர்ந்து உழைத்தார். பிறகு ஜி அண்டு எல் என்ற கம்பெனியைத் தொடங்கினார். நடுக்கு வாதம் பிடித்த பிறகும் பட்டறையை மறக்கவில்லை. 1991 மார்ச் 21-ந் தேதி, 81-வது வயதில் காலமானார்.

பெட்டி திரும்புகிறது

அவர் செய்த பழைய ஆம்ப்ளிபயர்கள் இன்றும் பாடுகின்றன. வால்வு போனால் வால்வு மாற்றுகிறார்கள். மின்தேக்கி வற்றினால் அதையும் மாற்றுகிறார்கள். அதோடு நிற்கவில்லை. பழைய சினிமா புரொஜெக்டரின் ஒலிப்பெட்டி, கைவிட்ட கூட்ட ஒலிபெருக்கி, ஓய்ந்துபோன வால்வு ரேடியோ ஆகியவற்றைத் தேடிப் பிடித்துக் கிதார் ஆம்ப்ளிபயராக மாற்றும் ஆர்வலர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆர்வம் மட்டும் இருந்தால் போதாது. சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கிக்குள் 300, 400 வோல்ட் ஒளிந்திருக்கும். தெரியாத கை பட்டால் உயிருக்கே ஆபத்து.

அன்று ஒரு சிறுவனுக்கு வந்த கழிவுச் சாமான் பெட்டி, இப்படிக் கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டே இருக்கிறது. வேண்டாம் என்று ஒருவர் எறிந்ததற்குள் ஒரு குரல் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு லியோவின் வாழ்க்கையே சாட்சி. அடுத்த முறை பரணில் இருக்கும் பழைய ரேடியோவைக் காயலான் கடைக்குப் போடுமுன், ஒரு நிமிஷம் அவரை நினைத்துப் பாருங்கள்!