பாவ்லோவின் நாய்க்குட்டிகள்

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் இவான் பாவ்லோவை நான் மூன்று வரிகளில் படித்து முடித்தேன். மணி அடித்தது; உணவு வந்தது; பிறகு உணவே இல்லாமல் மணியோசைக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறியது. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அவ்வளவு போதும். அந்த மனிதரின் வாழ்க்கையை முழுமையாகப் படிக்கப் பணி ஓய்வு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவருடைய ஆய்வுக்கூடத்தில் மணியைவிட மெட்ரனோம் கருவியின் தட்டொலிதான் அதிகம் கேட்டது என்பதையே அப்போதுதான் அறிந்தேன்.

1849-இல் ரஷ்யாவின் ரியாசான் நகரில் ஒரு பாதிரியாரின் மூத்த மகனாகப் பிறந்தவர் அவர். சிறுவயதில் உயரத்திலிருந்து விழுந்து அடிபட்டதால், பள்ளி சேர்வதே தாமதமாயிற்று. தந்தை வழியில் சமயப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவரை, மூளையின் அனிச்சைச் செயல்கள் குறித்து செச்செனோவ் எழுதிய நூல் திசை திருப்பியது. 1870-இல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பின்னர் நெடுங்காலம் வறுமை. செரிமானச் சுரப்பிகளைப் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு வந்தது. ஆனால், உணவு வாய்க்கு எட்டும் முன்பே, அதைக் கொண்டுவரும் ஆளைக் கண்டதும் நாய்களுக்கு ஏன் உமிழ்நீர் சுரக்கிறது என்ற கேள்விக்குள் அதற்கு முன்பே அவர் நுழைந்துவிட்டார். எஞ்சிய ஆயுள் முழுவதையும் அந்தக் கேள்வியே எடுத்துக்கொண்டது.

என்னை நிறுத்தி வைத்தது பாடநூல் சொல்லாத ஒரு சோதனை. அவருடைய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சிட்டோவிச், நாய்க்குட்டிகளுக்குப் பாலைத் தவிர வேறு எதையும் கொடுக்காமல் வளர்த்தார். பிறகு அவற்றின் முன் இறைச்சியையும் ரொட்டியையும் காட்டினார். ஒரு துளி உமிழ்நீரும் சுரக்கவில்லை. அவற்றைத் தின்று பார்த்த பிறகே, கண்டதும் வாயூறத் தொடங்கியது. இறைச்சி வாசனைக்கு நாயின் வாய் ஊறுவது பிறவிக் குணம் என்றுதானே நாம் நினைக்கிறோம்? அதுவும் கற்றுக்கொண்டதுதான்.

இளம் உயிர் எதை எப்போது கற்கும் என்பதை அதன் மூளையின் வளர்ச்சியே முடிவு செய்கிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. காதுக்கு ஓர் ஒலி, உடனே கண்ணிமையில் ஒரு மெல்லிய அதிர்வு என்று பழக்கினால், பதினேழு நாள் எலிக்குட்டி ஏறக்குறைய எதையும் கற்பதில்லை. இருபத்து நான்கு நாள் குட்டி, ஒலி கேட்டதுமே இமையை மூடிக்கொள்கிறது. இடைப்பட்ட ஒரு வாரத்தில் சிறுமூளையும் அதற்குச் செல்லும் நரம்புப் பாதைகளும் முதிர்கின்றன. இதைவிடக் கலங்கச் செய்வது இன்னொன்று. பத்து நாள்கூட ஆகாத எலிக்குட்டிக்கு ஒரு வாசனையோடு வலியையும் சேர்த்துக் கொடுத்தால், அது அந்த வாசனையை வெறுப்பதில்லை. அதை நோக்கியே ஊர்ந்து செல்கிறது. அச்சத்தைப் பதிக்கும் அமிக்டலா என்னும் பகுதி அந்த வயதில் இக்கற்றலில் இன்னும் பங்கேற்பதில்லை. கண் திறவாத குட்டி, மிதித்தாலும் தாயை விட்டுப் போக முடியாது. அடித்த தாயின் முந்தானையிலேயே முகம் புதைக்கும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

இவற்றைப் பாவ்லோவ் அறிந்திருக்க வழியில்லை. அவருடைய காலம் வேறு தொல்லைகளால் நிறைந்திருந்தது. புரட்சிக்குப் பிந்தைய பஞ்சத்தில் ஆய்வுக்கூட நாய்கள் பட்டினியால் மடிந்தன. 1921-இல் லெனின் கையொப்பமிட்ட ஆணை அவருக்குத் தனிச் சலுகைகள் வழங்கியது; ஆயினும் புதிய ஆட்சியை வெளிப்படையாகக் குறை கூறுவதை அவர் நிறுத்தவில்லை. 1924-இல் வெள்ளம் கூண்டுகளுக்குள் புகுந்தது. நீந்தித் தத்தளித்து மீட்கப்பட்ட நாய்களில் சில, கற்றதை மறந்துபோயின. அதையும் ஆராய்ந்தார் கிழவர்.

தவறை ஒப்புக்கொள்ள அவர் தயங்கவில்லை. எலிகள் பழகிய எதிர்வினை தலைமுறைதோறும் எளிதாகிறது, அதாவது கற்றது மரபாக இறங்குகிறது என்று 1923-இல் அறிவித்தவர், சோதனையில் பிழை தெரிந்ததும் சில ஆண்டுகளில் அக்கருத்தைக் கைவிட்டார். கோழை நாய்கள் பிறவியிலேயே வலுவற்ற நரம்பு மண்டலம் கொண்டவை என்ற அவரது நெடுநாளைய கருத்தும் எண்பது வயதைக் கடந்த பின் ஆட்டம் கண்டது. ஒரே ஈற்றுக் குட்டிகளில் பாதியைக் கூண்டிலும் மீதியைச் சுதந்திரமாகவும் அவருடைய மாணவர்கள் வளர்த்திருந்தனர். கூண்டில் வளர்ந்தவை எந்தப் புதிய ஓசைக்கும் ஒடுங்கிப் பதுங்கின. வலுவான நரம்பு மண்டலம் கொண்ட நாயும் வளர்ப்பினால் கோழையாகத் தோற்றமளிக்கக்கூடும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். 1936 பிப்ரவரியில், 86-ஆவது வயதில் நிமோனியா காய்ச்சலில் இறந்தார்.

அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு சிறுவன் இருந்தான். சாக்பீஸ் உடையும் சத்தத்துக்கே தோள்களைக் குறுக்கிக்கொள்வான். ஆண்டிறுதியில் அவனுடைய மதிப்பெண் அட்டையில் பிறவி மந்தம் என்று எழுதிக் கையொப்பமிட்டவன் நான்.